நினைவு விழாவின் எழுவாய்

மறைந்தாரை நினைப்பது எல்லா மக்களுக்கும் இயல்பு. அந்த நினைப்புக்கும் இலக்கணம் வகுத்த பெருமை தமிழருக்கு உண்டு. போரில் பட்ட வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு துறைகளாகப் பகுத்துக் கூறுகிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். தக்க கல்லைத் தேர்ந்து காண்பது காட்சி, அதனைக் கொள்ளத் தொடங்குவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, நாட்டுவது நடுதல், பெருஞ்சிறப்புச் செய்வது பெரும்படை, போற்றிப் பாடுவது வாழ்த்தல்.

இவ்வாறு துறைகளையும் மாணவர் மனப்பாடமாக ஒப்பிப்பர். ஆயினும் ஒரு வினா மட்டும் வகுப்பில் பெரும்பாலும் எழுவதில்லை. காட்சி, நடுதல், வாழ்த்தல் என்பன தொழிற்பெயர்கள். தொழில் உண்டெனில் அதனைச் செய்பவரும் உண்டன்றோ? கல்லைக் காண்பவர் யார்? நடுபவர் யார்? வாழ்த்துபவர் யார்? இலக்கணம் தொழிலைச் சொல்லிற்று, எழுவாயைச் சொல்லவில்லை. அவ்விடத்தை நிரப்பும் பொறுப்பு அவ்வக் காலத்து மக்களுடையது.

இவ்வினா பழம்புலவர்க்கு மட்டும் உரியதன்று. வாளேந்தாமல் உரிமைக்குப் போராடியவர்களின் நினைவை இக்காலத்தார் கொண்டாடும் முறையை மதிப்பிடவும் இதனினும் நல்ல அளவுகோல் இல்லை. ஒரு நினைவு விழா வாழ்கிறதா, வெறும் சடங்காய்த் தேய்கிறதா என்பதை அறிய அதன் எழுவாயைத் தேடினால் போதும்.

குரவை முந்திற்று

இலக்கணம் சொல்லாது விட்ட விடையைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. வஞ்சிக் காண்டத்துக் காதைகளின் பெயர்களே அத்துறைகளின் பெயர்கள்தாம்: காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை, இறுதியில் வரந்தரு காதை. களத்தில் பட்ட ஆண்மகனுக்கு வகுத்த துறைகளைப் போர்க்களமே காணாத ஒரு பெண்ணுக்கு உரியனவாக்கினார் இளங்கோவடிகள். கண்ணகி கையில் இருந்தது ஒற்றைச் சிலம்பு. அவள் புகுந்த இடம் அரசவை. கேட்ட பொருள் நீதி. ஆயுதமின்றி அரசன் முன் நின்று தன் வழக்கைத் தானே உரைத்த குடிமகள் ஒருத்திக்குக் கல் எடுத்த காப்பியம் இது.

ஆயின் வஞ்சிக் காண்டம் காட்சிக் காதையோடு தொடங்கவில்லை. குன்றக் குரவையோடு தொடங்குகிறது. இவ்வைப்பு முறை நுணுகி நோக்கத்தக்கது. வேங்கை மரத்து நிழலில் ஒரு மார்பிழந்து நின்ற பெண்ணை முதலில் கண்டவர் மலைவாழ் குறவர். அவள் விண்ணேறியதைக் கண்ட அவர்கள், இவளே தம் குலத்துக்கு ஏற்ற தெய்வம் எனத் தெளிந்தனர். பறை முழக்கினர், கொம்பு ஊதினர், மணி அசைத்தனர், கைகோத்துக் குரவை ஆடினர். இதற்கு எவர் ஆணையும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. சேரன் செங்குட்டுவன் மலைவளம் காண வந்தது அதன் பின்னர். குறவர் சொல்ல அவன் கேட்டான். சாத்தனார் முன்கதையை உரைத்தார். தம் நாடு தேடி வந்த பத்தினியைப் பரவுதல் வேண்டும் என்று அரசி வேண்மாள் கூறினாள். அதற்குப் பிறகே கல்லைப் பற்றிய பேச்சு எழுந்தது.

அரசன் கைக்குப் போன பின் நினைவுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அடிகள் மறைக்கவில்லை. பொதியில் மலைக் கல்லைவிட இமயத்துக் கல்லே சிறந்தது என்று முடிவாயிற்று. படை வடக்கே சென்றது. கனகனும் விசயனும் தோற்றனர். அவர்கள் தலையில் கல் ஏற்றப்பட்டது. நீதி கேட்ட பெண்ணின் நினைவு ஒரு வேந்தனின் வடநாட்டு வெற்றியாக உருமாறிற்று. பாண்டிய நாட்டிலோ கொடுமை இன்னும் மிகுந்தது. வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலி கொடுத்தான் என்று உரைபெறு கட்டுரை கூறுகிறது. குற்றம் செய்தவன் ஒருவன், பலியானவர் ஆயிரவர்! நினைவு விழா பழிவாங்கும் விழாவாகத் திரிவதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

தவவேடம் பூண்டு ஓடியவர்களைப் பிடித்து வந்தது வீரமாகுமா என்று சோழனும் பாண்டியனும் இகழ்ந்ததைக் காப்பியம் பதிவு செய்கிறது. சினந்தெழுந்த செங்குட்டுவனை மாடலன் அறவுரை கூறி அமைதிப்படுத்தியதையும், அதன் பின் சிறைப்பட்டோர் விடுதலை பெற்றதையும் அது சொல்கிறது. அரசனைப் பாடும் காண்டத்திலேயே அரசன் மீதான திறனாய்வும் அடங்கியிருக்கிறது என்க.

வாழ்த்துக் காதைக்கு வந்தால் பேசுவோர் மீண்டும் மாறுகின்றனர். கண்ணகியை வளர்த்த செவிலியும், உடன் விளையாடிய தோழியும், தேவந்தியும் வந்து அரற்றுகின்றனர். வஞ்சி மகளிர் பாடுகின்றனர். அவர்கள் பாடுபவை அம்மானை, கந்துகம், ஊசல், வள்ளை. பாட்டின் பொருள் மூவேந்தர் புகழே ஆயினும், அதன் வடிவம் மகளிர் ஆட்டமும் உலக்கைப் பாட்டும் ஆகும். காயாடும்போதும் ஊஞ்சலாடும்போதும் நெல் குற்றும்போதும் வாயில் வரக்கூடிய பாட்டாக வாழ்த்து அமைகிறது. மக்களிடம் தொடங்கி, அரசனிடம் சென்று, மக்களிடமே திரும்புவது வஞ்சிக் காண்டத்தின் கட்டமைப்பு. குரவை முன், கல் நடுவில், உலக்கைப் பாட்டு பின். கல்லை மட்டும் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் வெட்டிவிட்டால் எஞ்சுவது வேந்தன் புகழ் ஒன்றே.

மரக்கிளையில் தொங்கிய சோறு

இவ்வளவுகோலை அண்மைக் காலத்துக்குக் கொண்டு வந்து பார்க்கலாம். தமிழ்நாட்டில் நடந்த அறப்போர்களுள் பெரிதும் நினைக்கப்படுவது வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகம். 1930 மார்ச் 12 இல் காந்தியடிகள் சபர்மதியிலிருந்து புறப்பட்டார்; ஏப்ரல் 6 இல் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். அதனைப் பின்பற்றி இராஜாஜி ஏப்ரல் 13 இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு நடந்தார். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியே ஏறக்குறைய 150 மைல் நடை. ஏப்ரல் 28 இல் வேதாரணியம் அடைந்தனர். 30 இல் அகத்தியன்பள்ளியில் உப்பெடுத்து இராஜாஜி கைதானார். அந்த நடைக்கென்றே நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளை ஒரு பாட்டு இயற்றிக் கொடுத்தார்.

பாடநூல்கள் இதனைச் சொல்லும்போது பெரும்பாலும் ஓர் ஒருமை எழுவாயை வைத்துத் தொடரை முடித்துவிடுகின்றன: இராஜாஜி உப்பெடுத்தார். தொடர் பிழையன்று, ஆனால் நிரம்பியதும் அன்று. தொண்டர்க்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். அவ்வறிவிப்புக்கு வழியோர ஊர் மக்கள் தந்த விடை என்ன? கூட்டம் போட்டு எதிர்த்து முழங்கினார்களா? இல்லை. சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டனர். கொடுத்தவர் கை தெரியவில்லை. உண்டவர் பசி தீர்ந்தது. வேதாரணியத்தில் வைரப்பன் என்னும் நாவிதர், தாம் மழித்துக் கொண்டிருப்பவர் காவலர் என்று அறிந்ததும் பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்தார்; அதற்காகச் சிறையும் சென்றார். ருக்மிணி லட்சுமிபதி சிறை புகுந்து பெண்டிரும் இப்போருக்கு உரியவர் என்று காட்டினார். நடந்தவர் நூறு பேர், நடத்தியவர் ஒருவர், நடக்கச் செய்தவர்களோ பெயர் தெரியாத பல்லாயிரவர்.

இப்போரின் நினைவு இன்றளவும் உயிரோடிருப்பதற்குக் காரணம் அங்கு எழுந்த தூண் மட்டுமன்று. ஆண்டுதோறும் ஏப்ரலில் திருச்சியிலிருந்து ஒரு குழு நடந்து வருகிறது. 30 ஆம் நாள் அகத்தியன்பள்ளியில் கூடியோர் குனிந்து உப்பு அள்ளுகின்றனர். அதே நடைப்பாட்டைப் பாடுகின்றனர். அன்று செய்த செயலே இன்று விழாவாகிறது. உப்பு அள்ளுபவன் பார்வையாளனாக இருக்க முடியாது. அவன் கை ஈரமாகிறது. நாமக்கல் கவிஞரின் பாட்டு காலால் பாடுவதற்கென்று இயற்றிய பாட்டு. நாற்காலியில் அமர்ந்து கேட்பவனுக்கு அதன் சந்தம் பாதிதான் விளங்கும்.

அயல்நாட்டிலும் இவ்வுண்மையைக் காணலாம். அமெரிக்காவின் செல்மா நகரில் 1965 இல் வாக்குரிமை கேட்டுப் பாலத்தைக் கடக்க முயன்ற கறுப்பின மக்கள் தடியடி பட்டனர். ஆண்டுதோறும் அங்குக் கூடுவோர் செய்வது அந்தப் பாலத்தை நடந்து கடப்பதே. நடக்க விடாத இடத்தில் நடப்பதனினும் பெரிய வாழ்த்து வேறில்லை.

கிள்ளான் கோரிக்கைகள்

இனி, மலேசியத் தமிழர் தம் வீட்டு வாசலுக்கு வரவேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படியொரு போராட்டம் நடந்ததா என்று கேட்கும் இளைஞர் இன்று பலர். நடந்தது. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. அதன் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன், தமிழ் நேசன் நாளிதழின் ஆசிரியர் குழுவில் பணியாற்றியவர். தொழிலாளர் காந்தித் தொப்பி அணிந்தனர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர்.

அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள் வரலாற்று நூல்களில் பதிவாகியுள்ளன. அவற்றைப் பொருளாதாரச் செய்தியாக மட்டும் படிப்பது வழக்கம். ஒரு நூலைப் படிப்பது போலப் படித்தால் வேறொன்று புலப்படும். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும், பத்து மணி, பன்னிரண்டு மணி வேலை ஒழிய வேண்டும், தமிழறிந்த கிராணிமார் வேண்டும், நல்ல மருத்துவ வசதி வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், தோட்டத்துப் பெண்களிடம் துரைமாரும் மேலாட்களும் தகாத முறையில் நடப்பது ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், பேச்சுரிமை வேண்டும், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும், குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது, சங்கம் அமைக்க உரிமை வேண்டும், துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் போகவேண்டும்.

இப்பட்டியலில் கூலி ஒன்று. மற்றவை பலவும் மானத்தைப் பற்றியவை. திண்ணையில் உறவினனை உட்கார வைத்துப் பேசும் உரிமை, மனைவியும் மகளும் அச்சமின்றிப் பால்மரம் வெட்டப் போகும் உரிமை, வாய் திறக்கும் உரிமை, கூடும் உரிமை. குடியாட்சி என்னும் சொல்லை அவர்கள் பயன்படுத்தியிருக்க வேண்டியதில்லை. குடியாட்சியின் உறுப்புகள் யாவும் அப்பட்டியலில் உள்ளன. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால் மட்டுமே வாய் திறந்து பழகியவர்கள் எழுதுவித்த உரிமைச் சாசனம் அது.

அவற்றுள்ளும் சைக்கிள் கோரிக்கை தனியே எண்ணத்தக்கது. வெளிநாட்டு அறிஞர் சிலர்க்கு அது வியப்பாகத் தோன்றலாம். கூலிப் போராட்டத்தில் மிதிவண்டிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மேல்சாதித் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்தவர்களின் மக்களுக்கு அது விளங்கும். கடல் கடந்து வந்தும் இறங்கு என்னும் கட்டளை தொடர்ந்து வந்தது. 1924 இல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது; 1941 இல் கிள்ளானில் வண்டியை விட்டு இறங்காமல் போகும் உரிமைக்காகத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். இரண்டும் ஒரே சாலையின் இரு மைற்கற்கள்.

இப்போராட்டத்தின் முடிவை மறைக்கக் கூடாது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கைதுச் செய்தி பரவியதும் வேலைநிறுத்தம் பெருகிற்று, சில இடங்களில் தொலைபேசிக் கம்பிகள் அறுபட்டன, மோதல்கள் நிகழ்ந்தன. மே 16 இல் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கி வெடித்தது. தொழிலாளர் ஐவர் மாண்டனர் என்று வரலாற்று நூல்கள் கூறும். பலர் வேலையிழந்தனர், பலர் சொந்த ஊர் அனுப்பப்பட்டனர்.

மறதிக்குக் காரணம்

வேதாரணியத்தில் வேரூன்றியது போன்ற ஆண்டு விழா கிள்ளானில் வேரூன்றவில்லை. ஏன்? நன்றியில்லாமை என்று மக்களைப் பழிப்பது எளிது. ஆனால் அது நேர்மையன்று. படை வந்த ஏழாம் மாதமே, 1941 டிசம்பர் 8 இல், சப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அடுத்து வந்த சயாம் மரண இரயில் தோட்டத் தமிழரில் பல்லாயிரவரை விழுங்கிற்று. வேலைநிறுத்தத்தைக் கண்ணால் கண்டவர்களில் எத்தனை பேர் அக்காட்டில் புதைந்தனரோ! போர் முடிந்த பின் 1948 முதல் 1960 வரை நீண்ட நெருக்கடி நிலை வந்தது. தோட்டத்தில் வேலைநிறுத்தம் என்று வாய்விட்டுச் சொல்வதே ஆபத்தாயிருந்த காலம் அது. தந்தை மகனுக்குச் சொல்லாமல் விட்டார். மகன் பேரனுக்குச் சொல்ல ஒன்றுமில்லாது போயிற்று. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, இலயங்கள் இடிபட்டன. 1924 இல் தொடங்கிய தமிழ் நேசனும் 2019 இல் நின்றது. கண்ட குறவர் இறந்துபடின் குரவை எங்கிருந்து வரும்?

பங்சாரையே எடுத்துக்கொள்ளலாம். இன்று அது வானளாவும் குடியிருப்புகளும் கடைவீதிகளும் நிறைந்த நகர்ப்பகுதி. ஒரு காலத்தில் அது ரப்பர்த் தோட்டம். பங்சார் என்னும் பெயரே பங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பிய முதலாளிகள் இருவரின் பெயர்கள் ஒட்டிப் பிறந்தது என்பர். இடப்பெயரும் ஒரு நடுகல்லே. அக்கல்லில் முதலாளி பெயர் நிற்கிறது. மரம் நட்டுப் பால் வெட்டியவர் பெயர் இல்லை. இதனை யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. எழுவாயைச் சொல்லாமல் விட்டால், அவ்விடத்தில் வலியவர் பெயர் தானாக வந்து அமர்ந்துகொள்கிறது.

மூன்று மறுப்புகள்

கிள்ளானை நினைவுகூர வேண்டும் என்றால் மூன்று மறுப்புகள் எழக்கூடும். மூன்றையும் மதித்து விடை கூறவேண்டும்.

முதலாவது: அது முற்றும் அமைதிப் போராட்டமன்று, இறுதியில் வன்முறை கலந்தது என்பது. உண்மையே. ஆனால் மதுரை எரிந்ததைச் சொல்லாமல் அடிகள் கண்ணகியைப் பாடவில்லை. தீக்கடவுளிடம் அறவோரையும் மூத்தோரையும் குழவியரையும் விட்டுவிடுமாறு அவள் கூறியதையும் சேர்த்தே பாடினார். நெருப்பைச் சொல்லி, நெருப்புக்கு இட்ட எல்லையையும் சொல்வது வாழ்த்து. பல வாரம் கோரிக்கைத் தாளை மட்டும் ஏந்தி நின்றவர்களையும், தலைவரை இழந்த பின் நிலை தவறியவர்களையும் வேறு பிரித்துச் சொல்லும் நினைவு விழாவே மாணவர்க்கு அறம் கற்பிக்கும். கறையே இல்லாத வீரரைத்தான் வாழ்த்துவோம் என்றால் வாழ்த்துதற்கு மனிதர் எவரும் எஞ்சார்.

இரண்டாவது: பழைய புண்ணைக் கிளறுவானேன் என்பது. செழியன் செய்த பலியைப் போல நினைவு பழியாக மாறினால் இம்மறுப்பு செல்லும். கிள்ளான் கோரிக்கைகளில் எவர் மீதும் பழிவாங்கல் இல்லை. நிகரான கூலி வேண்டும் என்றனரேயன்றி, சீனத் தொழிலாளியின் கூலியைக் குறைக்கச் சொன்னாரில்லை. பல்லினம் வாழும் நாட்டில் பிறருக்குத் தீங்கெண்ணாமல் தன் உரிமையைக் கேட்பது எப்படி என்பதற்கு அப்பட்டியலே பாடம். ஆகஸ்டு 31 இல் கொண்டாடப்படும் நாட்டு விடுதலைக்கும் அது அயலானதன்று; 1957 இல் வந்த விடுதலைக்கு 1941 இல் நெற்றி வியர்வையால் எழுதிய முன்னுரை அது.

மூன்றாவது மறுப்பை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, செயலில் காட்டுவர். மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தால் போதாதா? தலைவர் வருவார், பொன்னாடை போர்த்தப்படும், நால்வர் பேசுவர், மாணவியர் நடனமாடுவர், உணவுப் பொட்டலம் வழங்கப்படும். இத்தகைய விழாவின் நிகழ்ச்சி நிரலில் வினைச்சொற்களை எண்ணிப் பார்த்தால் பொதுமக்களுக்கு உரியவை இரண்டே: அமர்தல், கைதட்டல். அன்று வழியோரத்தில் சோறு தொங்கவிட்டவர் கொடுப்பவராயிருந்தனர். இன்று மண்டபத்தில் அதே மக்கள் பொட்டலம் பெறுபவராகின்றனர். எழுவாய் செயப்படுபொருளாயிற்று. அத்தகைய விழா ஆண்டுக்கு ஆண்டு ஆள் குறைந்து ஒரு நாள் தானே நின்றுபோனால் வியப்பில்லை.

பள்ளியின் பங்கு

கல் நடுவது அரசும் செல்வரும் செய்யத்தக்கது, செய்தால் நன்று. குரவை தொடங்க எவர் ஆணையும் வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளிக்கு அதற்குரிய கருவிகள் யாவும் உண்டு.

வேதாரணியத்துக்கு உப்பு எப்படியோ, கிள்ளானுக்குச் சைக்கிள் அப்படி. பள்ளித் திடலில் ஒரு காலைப்பொழுது மாணவர் வரிசையாக மிதிவண்டி ஓட்டிச் செல்லலாம். ஒருவர் முன்னும் இறங்காமல் செல்லலாம். அன்றைய சிறப்பு விருந்தினர் எவராயினும் அவ்வரிசை அவருக்காக நிற்கலாகாது. நிற்காமையே அவ்விழாவின் பொருள். கோரிக்கைகளை மாணவர்க்கு ஆளுக்கொன்றாகப் பகிர்ந்தளித்து, அதனை உரக்கப் படித்து, அது இன்று நிறைவேறியதா, பாதி நிறைவேறியதா என்று ஒரு பத்தி எழுதச் செய்யலாம். கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் நல்ல தலைப்புக் கிடைப்பது அரிது. வீட்டிலுள்ள முதியவரிடம் தோட்டத்தின் பெயர், பெரட்டு நேரம், ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை இருந்த இடம் இவற்றைக் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். 1941 ஐ நேரில் கண்டவர் இன்று அரியர். கண்டவர் சொல்லக் கேட்டவர் இன்னும் சிலர் உளர். அவர்களும் மறைந்த பின் காட்சி என்னும் முதல் துறைக்கே வழியில்லாது போகும்.

வாழ்த்து விளையாட்டிலும் வேலையிலும் கலக்கவேண்டும் என்பதும் வஞ்சி மகளிர் காட்டிய வழி. கயிறு தாண்டும் சிறுமியர் பாட்டிலோ, சைக்கிள் மணியொலியிலோ ஒரு கோரிக்கை வந்து ஒட்டிக்கொண்டால் அது மண்டபப் பேச்சு பத்தினும் நெடுநாள் நிற்கும். அந்தப் பாட்டை இயற்றுவோர் ஆசிரியராகவும் இருக்கலாம், மாணவராகவும் இருக்கலாம். நாமக்கல் கவிஞரைப் போல, நடப்பவர் காலுக்குப் பொருந்துமாறு எழுதினால் போதும்.

எந்த நாளில் செய்வது என்று கேட்பார்க்கு நாட்காட்டியே விடை வைத்திருக்கிறது. 1956 மே 16 இல் ரசாக் கல்வி அறிக்கையைக் கூட்டரசுச் சட்டமன்றம் ஏற்றது. அதனையொட்டி மலேசியாவில் மே 16 ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதே மே 16 இல்தான், பதினைந்து ஆண்டுகளுக்கு முன், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று கேட்டவர்களை எதிர்த்துச் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பால்மரம் வெட்டிய கைகள் எழுதுவித்த கோரிக்கைகளுள் ஆசிரியர் தொழிலுக்கும் ஒரு வரி இருந்தது. அவ்வரியின் பயனாக வகுப்பறையில் நிற்பவர்கள் அந்நாளில் மாணவர் தரும் பூச்செண்டைப் பெற்றுக்கொள்கின்றனர். பெற்றுக்கொண்ட கையோடு அவ்வரியையும் ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். எழுதும்போது எழுவாயை விட்டுவிடலாகாது: கிள்ளான் தோட்டத் தொழிலாளர் கேட்டனர்.